காணியை ஈடு வைக்குமுன் காயத்தைக் கழுவுவோம்

காலில் ஒரு புண் ஆறாது போனால் கமக்காரக் குடும்பம் ஒன்றின் நிலை ஒரே போகத்துக்குள் மாறிவிடும். வரம்பு கட்டவும் விதைக்கவும் கூலிக்கு ஆள் பிடிக்க வேண்டும். வீட்டுப் பெண் வைத்தியசாலைக்கும் வயலுக்குமாக அலைய வேண்டும். மூத்த பிள்ளையின் படிப்பு இடையில் நிற்கும். ஈற்றில் கால் துண்டிக்கப்பட்டால் சேற்றில் இறங்கி உழைத்த வாழ்வு அத்தோடு முடிந்துவிடும்.

தம்பலகாமத்தையும் அதன் அயற் கிராமங்களையும் சேர்ந்த குடும்பங்கள் 1985இலும் 1990இலும் ஊரைவிட்டு ஓடின. முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. திரும்பி வந்தவர்களிற் பலருக்கு மிஞ்சியது காணி ஒன்றுதான். வீடும் மாடும் விதைநெல்லும் போனபின்னரும் காணி உறுதியை மட்டும் துணியிற் சுற்றிக் காப்பாற்றி வந்தவர்கள் அவர்கள். இன்னும் திரும்ப முடியாதிருப்பவர்களுக்கும் அந்தக் காணிதான் நம்பிக்கை.

இப்படிப்பட்ட ஒரு குடும்பத்திடம் யாராவது வந்து, “காலை வெட்டத் தேவையில்லை, பெரிய இடத்தில் ஒட்சிசன் அறை இருக்கிறது, அதற்குள் இருந்தால் எந்தப் புண்ணும் ஆறிவிடும்” என்று சொன்னால் என்ன நடக்கும்? அந்தக் குடும்பம் காணியை ஈடு வைக்கத் தயங்காது. ஆகவேதான் இந்த ஒட்சிசன் அறை என்பது என்ன, அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை எமது மக்கள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும் என்று கருதுகிறோம்.

எமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தச் சிகிச்சை பொய்யன்று. சில கொடிய தொற்றுக்களில் அது உயிரையும் காலையும் காக்க உதவக்கூடும். ஆனால் அது வரிசையில் கடைசியாக வரவேண்டியது. கமக்காரனின் கால் பெரும்பாலும் காயப்பட்ட முதல் சில மணித்தியாலங்களில், கிணற்றடியிலும் கிராமத்து வைத்தியசாலையிலுமே காக்கப்படுகிறது அல்லது இழக்கப்படுகிறது.

அறைக்குள் நடப்பது என்ன?

2021ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது ஒட்சிசன் என்ற சொல் எல்லா வீடுகளிலும் புழங்கியது. மூக்கில் குழாய் வைத்து ஒட்சிசன் கொடுப்பதை அப்போது பலர் கண்டோம். இங்கே பேசப்படும் சிகிச்சை அதனின்றும் வேறானது. இதில் ஒட்சிசனோடு அமுக்கமும் சேர்கிறது.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கே ஒட்சிசன். அதைச் செங்குழியங்கள் சுமந்துசென்று உடலெங்கும் கொடுக்கின்றன. குருதியின் நீர்ப்பகுதியில் கரைந்து செல்லும் ஒட்சிசன் மிகச் சொற்பம். 100 மில்லிலீற்றர் குருதியில் ஏறத்தாழ 0.3 மில்லிலீற்றர் மட்டுமே. நோயாளியை இறுக மூடிய உருக்கு அறைக்குள் இருத்தி, உள்ளே அமுக்கத்தைச் சாதாரண வளிமண்டல அமுக்கத்தைப்போல இரண்டு மூன்று மடங்காக உயர்த்தி, தனி ஒட்சிசனைச் சுவாசிக்கச் செய்தால், அந்தக் கரைந்த அளவு ஏறத்தாழ 6 மில்லிலீற்றர் வரை உயரும். சோடாப் போத்தலில் அமுக்கத்தினால் வாயு கரைந்து நிற்பதைப் போன்றதே இது. செங்குழியங்கள் நுழையக் கடினமான, வீங்கி நெரிந்த இழையங்களுக்கும் அப்போது ஒட்சிசன் ஓரளவு சென்று சேர்கிறது.

இரண்டு மடங்கு அமுக்கம் என்றால், கடலில் 10 மீற்றர், அதாவது ஏறத்தாழ ஐந்தரைப் பாகம் ஆழத்தில் உடல் உணரும் அமுக்கம். இந்த அறைகள் முதலிற் பெரிதும் பயன்பட்டதும் சுழியோடிகளுக்கே. ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வருபவனின் குருதியில் வாயுக்குமிழிகள் உண்டாகி மூட்டு நோவும் பாரிசவாதமும், சில வேளை மரணமும் ஏற்படும். அவனை மறுபடி அமுக்கத்துக்குள் வைத்து மெல்ல மெல்ல வெளியே கொண்டுவர வேண்டும். சங்கும் கடலட்டையும் எடுக்கப் போகும் எமது கரையோரத்து மக்களுக்கு இந்த ஆபத்து புதிதல்ல.

வயல் மண்ணில் உறங்கும் கிருமி

தொற்றுக்கு இந்தச் சிகிச்சை பயன்பட்ட வரலாறு வயல் மண்ணோடு தொடர்புடையது. முதலாம் உலகப் போர் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் எருவிட்டு உழுத வயல்களிலேயே நடந்தது. காயமடைந்த படையினரின் உடலுக்குள் அந்த மண் புகுந்தது. மாட்டின் குடலிலும் எருவிலும் மண்ணிலும் வாழும் குளொஸ்ரீடியம் என்ற பற்றீரியா வகை, காற்றுப்படாத ஆழமான காயத்துள் பெருகித் தசையை அழுகச் செய்தது. வைத்தியர்கள் காஸ் காங்கிரீன் என்று சொல்லும் வாயு அழுகல் இதுவே. தோலின் கீழ் வாயு சேர்ந்து, விரலால் அழுத்தினால் நொறுநொறுக்கும். ஓரிரு நாளில், சில வேளை சில மணித்தியாலங்களிலேயே உயிர் போய்விடும்.

இந்தக் கிருமிக்கு ஒட்சிசன் பகை. 1960ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டின் அம்ஸ்ரர்டாம் நகரில் பொயறிமா என்ற சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். பன்றிகளின் செங்குழியங்களை ஏறத்தாழ முழுவதும் அகற்றியபின்னும், உயர் அமுக்க ஒட்சிசன் அறைக்குள் அவை உயிரோடிருந்தன. கரைந்த ஒட்சிசனே உயிர்தாங்கப் போதுமாயிருந்தது என்பதை அது காட்டியது. அடுத்த ஆண்டில், 1961இல், அவரும் புறுமல்காம்ப் என்பவரும் பிறரும் வாயு அழுகல் நோயாளிகளை அந்த அறைக்குள் வைத்துச் சிகிச்சை செய்த அனுபவத்தை வெளியிட்டனர். இழையத்தில் ஒட்சிசன் உயரும்போது கிருமி தன் நஞ்சை உண்டாக்குவது தடைப்படுகிறது. அதோடு, கிருமிகளைக் கொல்லும் வெண்குழியங்களும் ஒட்சிசன் கிடைத்தாலே தம் வேலையைச் சரியாகச் செய்ய முடியும்.

ஆயினும் இந்த வரலாற்றில் நாம் மறக்கக் கூடாத ஒரு பகுதி உண்டு. முதலாம் உலகப் போரின்போது ஒட்சிசன் அறையும் இருக்கவில்லை, பெனிசிலினும் இருக்கவில்லை. பெனிசிலின் வைத்தியசாலைகளுக்கு வந்தது 1940களிலேதான். அப்படியிருந்தும் அந்தப் போர்க்காலத்திலேயே வைத்தியர்கள் பலரின் கால்களைக் காப்பாற்றப் பழகிக்கொண்டனர். காயத்தை அகலத் திறந்தனர். இறந்த தசையையும் மண்ணையும் துணித்துண்டையும் வெட்டி அகற்றினர். திரும்பத் திரும்பக் கழுவினர். அவசரப்பட்டுத் தைத்து மூடாமல் திறந்தே விட்டனர். இன்றும் இந்நோய்க்கு முதற் சிகிச்சை இதுதான். இரண்டாவது, நாளத்தினூடாக ஏற்றப்படும் நுண்ணுயிர்கொல்லி மருந்து. ஒட்சிசன் அறை இவற்றுக்குத் துணையாக வருவது. அறைக்குக் கொண்டுபோகிறோம் என்று சத்திரசிகிச்சையைத் தாமதிப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

தசையையும் தோலடியையும் விரைவாகத் தின்றுசெல்லும் வேறு கொடிய தொற்றுக்களுக்கும் இது பயன்படுத்தப்படுகிறது. ஆனால் அங்கே சான்று இன்னும் வலுவாக இல்லை. உலக மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பினர் 2015இல் தேடியபோது, நோயாளிகளைச் சமமாக இரு பிரிவாக்கி ஒப்பிட்ட நம்பகமான ஆய்வு ஒன்றைக்கூட இவ்விடயத்தில் காணவில்லை.

எல்லாக் கிருமியும் ஒன்றல்ல

“ஒட்சிசன் பட்டால் கிருமி சாகும்” என்று பொதுவாகச் சொல்வது தவறு. எமது வயல்களில் உள்ள வேறு இரு ஆபத்துக்களைப் பாருங்கள்.

ஒன்று எலிக்காய்ச்சல். எலியினதும் கால்நடையினதும் சிறுநீர் கலந்த வயல் நீரிலிருந்து, காலிலுள்ள கீறல் வழியே அக்கிருமி உடலுக்குட் செல்கிறது. மற்றது மெலியோயிடோசிஸ் என்ற நோய். இதன் கிருமி வயற்சேற்றிலேயே வாழ்கிறது. இலங்கையில் இந்நோய் 1927இலேயே ஒருவரில் கண்டறியப்பட்டது. ஆனால் கடந்த இருபது ஆண்டுகளாகவே வைத்தியர்கள் இதை விழிப்போடு தேடிக் கண்டுபிடித்து வருகின்றனர். நீரிழிவு உள்ள கமக்காரரை இது அதிகம் தாக்கும். காய்ச்சலாக, நெஞ்சுச் சளியாக, ஆறாத சீழ்க்கட்டியாகப் பல வேடங்களில் வரும். சாதாரணமாகக் கொடுக்கப்படும் பல மருந்துகளுக்கு இது அடங்காது. குருதியிலோ சீழிலோ கிருமியை வளர்த்துப் பார்த்து, அதற்குரிய மருந்தை ஊசியாக ஏற்றி, பின்னர் மாதக்கணக்கில் குளிசை கொடுக்க வேண்டும்.

இவ்விரு கிருமிகளும் ஒட்சிசனில் நன்றாக வாழ்பவை. இவற்றுக்கு ஒட்சிசன் அறை மருந்தாகாது. இன்ன கிருமி என்று அறியாமல் அறைக்குள் போவது, இன்ன பூச்சி என்று பாராமல் பயிருக்கு மருந்து தெளிப்பதைப் போன்றது. ஆய்வுகூடப் பரிசோதனை முதலில் நடக்க வேண்டும்.

சீனி வருத்தமும் ஆறாத புண்ணும்

இன்று ஒட்சிசன் அறையின் பெயர் அதிகம் சொல்லப்படுவது நீரிழிவுக்காரரின் காற்புண்ணுக்காகவே. இது எமக்குப் பெரிய விடயம். 2018–2019இல் நாடு தழுவி எடுக்கப்பட்ட சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் வளர்ந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு உண்டு. நீண்டகாலச் சீனி வருத்தத்தில் பாதத்தின் உணர்ச்சி குறைந்துபோகும், குருதியோட்டமும் குறையும். முள் ஏறியதும் தெரியாது, நெருப்புச் சுட்டதும் தெரியாது. தெரியும்போது புண் எலும்புவரை போயிருக்கும்.

இதற்கு அறை உதவுமா? ஆய்வுகள் ஒரே பதிலைத் தரவில்லை. சுவீடன் நாட்டில் 94 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2010இல் வெளிவந்தது. அறைக்குள் ஒட்சிசன் பெற்றவர்களில் 52 சதவீதமானோருக்கு ஓராண்டில் புண் ஆறியது. அதே அறைக்குள் சாதாரணக் காற்றை மட்டும் பெற்றவர்களில் 29 சதவீதமானோருக்கு ஆறியது. இது நல்ல செய்திதான். ஆனால் அந்த நோயாளிகள் எல்லோரும் அதற்கு முன்னரே பாதச் சிகிச்சை நிலையமொன்றில் குறைந்தது இரண்டு மாதம் முறையான பராமரிப்புப் பெற்றவர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். அதன்பின் 2018இல் ஒல்லாந்தில் 120 பேரைக் கொண்டு வெளிவந்த ஆய்வு, அறைச் சிகிச்சை கால் இழப்பைத் தெளிவாகக் குறைத்ததாகக் காட்டவில்லை. அதில் அறைச் சிகிச்சைக்குத் தெரிவானவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர், உடல்நிலை முதலிய காரணங்களால், விதித்த தடவைகளை முடிக்கவே இல்லை.

ஏன் முடிக்கவில்லை என்பதைக் கமக்காரர் எளிதில் விளங்கிக்கொள்வர். இது ஒருநாள் வேலையன்று. ஒரு தடவைக்கு ஒன்றரை அல்லது இரண்டு மணித்தியாலம், வாரத்தில் ஐந்து நாள், 30 அல்லது 40 தடவைகள் என்றால், மூன்றரை மாத நெல்லின் வயதில் ஏறத்தாழப் பாதி அதற்கே போய்விடும். போக்குவரத்தும் தங்குமிடமும் துணைக்கு வருபவரின் கூலியும் வேறு. காலுக்குப் போகும் பெரிய குருதிக்குழாய் அடைபட்டிருந்தால், அதை முதலிற் சீர்செய்யாமல் அறைக்குள் இருத்துவதில் பயன் குறைவு. சீனியைக் கட்டுப்படுத்தாமல், இறந்த தசையை வெட்டாமல், புண்ணின்மேல் பாரம் விழாமற் பாதுகாக்காமல் அறையை மட்டும் நம்புவது, வாய்க்காலைத் துப்புரவாக்காமல் குளத்தில் நீர் போதாது என்று குறைசொல்வதற்கு ஒப்பானது.

உருக்குக் கோளம் சொல்லும் பாடம்

அமுக்க அறையை வைத்து மக்களுக்கு ஆசைகாட்டியது இன்று நேற்றுத் தொடங்கியதன்று. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1928இல் கனிங்காம் என்ற வைத்தியர் ஐந்து மாடி உயரத்தில், 64 அடி விட்டமுள்ள ஓர் உருக்குக் கோளத்தை எழுப்பினார். உள்ளே அறைகள், கட்டில்கள், விடுதிபோன்ற வசதிகள். காற்றில் வாழாத கிருமிகளே நீரிழிவுக்கும் புற்றுநோய்க்கும் காரணம் என்றும், அமுக்கிய காற்று அவற்றைக் குணமாக்கும் என்றும் அவர் நம்பினார். அமெரிக்க மருத்துவச் சங்கம் சான்று கேட்டது. அவர் கொடுக்கவில்லை. அந்தக் கோளம் 1942இல் பழைய இரும்புக்காக உடைக்கப்பட்டது. பெரிய இயந்திரம் என்பதற்காக அது நல்ல மருந்தாகிவிடாது என்பதற்கு இது ஒரு சாட்சி.

ஆபத்தும் இல்லாமலில்லை. காது நோவு, தற்காலிகப் பார்வை மாற்றம், அரிதாக வலிப்பு ஆகியன வரலாம். நீரிழிவுக்காரருக்கு உள்ளே இருக்கும்போதே சீனி இறங்கிவிடலாம். எல்லாவற்றிலும் பெரியது நெருப்பு. ஒட்சிசன் நிறைந்த இடத்தில் ஒரு பொறி போதும். 1997 ஒக்ரோபர் 31இல் இத்தாலியின் மிலான் நகர வைத்தியசாலை ஒன்றின் அறை தீப்பற்றி 11 பேர் இறந்தனர். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தனியார் நிலையம் ஒன்றின் அறைக்குள் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் தீயில் மாண்டான். பயிற்சி பெற்றவர்களும் கடுமையான ஒழுங்கும் இல்லாத இடத்தில் இந்தச் சிகிச்சையை நாடவே கூடாது. காற்றடைத்த பைபோன்ற சிறு கூடாரங்களும் இப்பெயரில் விற்கப்படுகின்றன. அவற்றில் அமுக்கம் சிறிதளவே கூடும். மேலே சொன்ன ஆய்வுகள் எதுவும் அவற்றைக் கொண்டு செய்யப்பட்டவையல்ல.

முதல் மணித்தியாலங்கள்

குளக்கட்டில் ஒரு நண்டு வளையைக் கண்டால் கமக்காரன் அன்றைக்கே மண் அடைப்பான். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து வந்த வெள்ளத்தை அறிந்த எமக்கு, அணை உடைந்தபின் ஓடுவதன் கொடுமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காயமும் அப்படித்தான்.

மண்வெட்டியோ, தாக்கத்தியோ, உழவு இயந்திரத்தின் சேற்றுப் பற்களோ, பற்றை வெட்டும்போது துருப்பிடித்த முட்கம்பியோ காலைக் கிழித்தால், முதலில் இரத்தத்தை அழுத்தி நிறுத்துங்கள். பின்னர் குடிக்கத்தக்க சுத்தமான நீரை ஊற்றி, சவர்க்காரமிட்டு, பத்து நிமிடமாவது கழுவுங்கள். வாய்க்கால் நீரிற் கழுவ வேண்டாம். கோப்பித்தூள், சாணி, சாம்பல், சுண்ணாம்பு ஒன்றும் அப்ப வேண்டாம். தோய்த்த வெள்ளைத் துணியாற் சுற்றுங்கள். ஆழமான காயம், மண் புகுந்த காயம், நீரிழிவுக்காரரின் எந்தக் காயமும் அன்றைய தினமே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

ஏற்புவலித் தடுப்பூசியை மறக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமிக்குப் பின் இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் சிறு காயங்களினூடாக ஏற்புவலி பரவியது. 106 பேருக்கு நோய் கண்டது. 20 பேர் இறந்தனர். ஒரு தடுப்பூசி தடுத்திருக்கக்கூடிய மரணங்கள் அவை. இடம்பெயர்ந்த மக்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கிளினிக் அட்டைகள் ஓட்டத்தில் தொலைந்துபோயின. பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் ஊசி போடப்பட்டிருக்கும். விரிவான தடுப்பூசித் திட்டம் இலங்கையில் தொடங்கிய 1978க்கு முன் பிறந்த ஆண்கள் பலருக்கு அது முறையாகக் கிடைத்திராது. அட்டை இல்லாவிட்டால் ஊசி போடப்படவில்லை என்றே எண்ணி வைத்தியரிடம் சொல்லுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் இது இலவசம்.

காயத்தின் அளவுக்கு மீறிய கடுமையான நோவு, மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் ஏறும் வீக்கம், தோல் கறுத்தோ செம்பு நிறமாகவோ மாறுதல், நீர்க்கொப்புளம், கெட்ட நாற்றம், அழுத்தினால் நொறுநொறுப்பு, காய்ச்சலோடு மயக்கம் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும்.

நீரிழிவு உள்ளவர்கள் வயலால் வந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து, உள்ளங்காலை விளக்கொளியிற் பார்க்க வேண்டும். கண் மங்கியவர்களுக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லலாம். வெறுங்காலோடு சேற்றில் இறங்காதே என்று கமக்காரனுக்குச் சொல்வது எளிது; நடைமுறை வேறு. ஆகவே காலில் வெடிப்போ புண்ணோ உள்ளபோதாவது சேற்றைத் தவிர்த்து, அந்த நாட்களில் அயலவரோடு கைமாற்று வேலை செய்துகொள்ளலாம். எலிக்காய்ச்சல் பரவும் காலத்தில் வாரம் ஒருமுறை எடுக்கும் தடுப்புக் குளிசையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுப் பெறலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்ததைப் போன்ற வெள்ளத்துக்குப் பின்னர் இது இன்னும் அவசியம்.

எமது மாவட்டத்திலுள்ள அறை

இவ்வளவும் சொன்னபின், அறையே வேண்டாம் என்று நாம் சொல்வதாக எண்ண வேண்டாம். “வசதியுள்ளவனுக்கு அறை, ஏழைக்குச் சவர்க்காரமா?” என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. உண்மையில் தேவைப்படும் சிலருக்கு, அவர்கள் ஏழைகள் என்ற காரணத்தால் இது மறுக்கப்படக் கூடாது.

திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் இத்தகைய அமுக்க அறை ஒன்று உண்டு. சுழியோடிகளுக்கான சிகிச்சையே அதன் முதல் நோக்கம். பொது மக்களின் வரிப்பணத்தில் இயங்கும் அந்த வசதி, பொது வைத்தியசாலையின் நிபுணர் தேவை என்று எழுதித் தரும் ஏழை நோயாளிக்கும் பயன்பட வேண்டும் என்பது எமது கோரிக்கை. அதற்குரிய வழிமுறை எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும், மாவட்டத்தின் எல்லா அரசாங்க வைத்தியசாலைகளிலும் ஒட்டப்பட வேண்டும். எந்த நோய்க்கு, யாருடைய கடிதத்தோடு, எந்த வாசலுக்கு, எந்த நேரத்தில் என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

இதில் மறைக்கக்கூடாத இன்னொன்றும் உண்டு. போர்க்காலத்தில் படைத்தள வாசலைக் கண்டு ஒதுங்கிப் போன மக்கள் நாம். உறவினரைத் தேடி அத்தகைய வாசல்களில் நின்று அழுதவர்களும் எம்மிடையே உள்ளனர். நோயோடு அங்கே தனியே போய் நிற்பது அவர்களுக்கு எளிதன்று. ஆகவே நோயாளியை வைத்தியசாலையே அழைத்துச்சென்று திருப்பிக் கொண்டுவர வேண்டும். தமிழ் பேசும் தாதி ஒருவர் உடன் செல்ல வேண்டும். குடும்பத்தவர் ஒருவர் துணைக்கு அனுமதிக்கப்பட வேண்டும். இவற்றைச் செய்யப் பெரும் பணம் தேவையில்லை.

அதைவிட அவசரமான கோரிக்கை இன்னொன்று. தம்பலகாமம் போன்ற கிராமப்புற வைத்தியசாலைகளில் வாரத்தில் ஒருநாளாவது பாதப் பராமரிப்புக் கிளினிக் நடைபெற வேண்டும். பயிற்சி பெற்ற தாதி, காலின் உணர்ச்சியைச் சோதிக்கும் சிறு நைலோன் இழை, சீனி பார்க்கும் கருவி, சுத்தமான மருந்துக்கட்டு, நகரத்து நிபுணருக்கு உடன் அனுப்பும் ஒழுங்கு ஆகியவை போதும். ஓர் ஒட்சிசன் அறை சில பேருக்கு உதவும். இப்படியான கிளினிக் ஒன்று அந்தச் சிலரின் தொகையையே குறைத்துவிடும்.

நாம் செய்யக்கூடியவை

விவிலியத்தில் நாமான் என்ற படைத்தளபதியின் கதை உண்டு. தொழுநோயுற்ற அவன் பொன்னும் வெள்ளியும் சுமந்துகொண்டு எலிசா இறைவாக்கினரைத் தேடிப் போனான். யோர்தானில் ஏழுமுறை மூழ்கிக் கழுவு என்று சொல்லப்பட்டபோது கோபங்கொண்டு திரும்பினான். பெரிய காரியம் ஏதும் சொல்லியிருந்தால் செய்திருப்பீரே, இந்தச் சிறிய காரியத்தைச் செய்தால் என்ன என்று அவனுடைய பணியாளர்களே அவனுக்கு எடுத்துச் சொன்னார்கள். கழுவு என்ற சொல்லை அற்பமாக எண்ணும் குணம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

கமக்காரர் அமைப்புக்கள் விதைப்புக் கூட்டம் கூடும்போது நீர் முறை பற்றிப் பேசுவதோடு, ஒவ்வொரு வயற்கண்டத்துக்கும் ஒரு மூடிய நீர்க்கலம், சவர்க்காரம், சுத்தத் துணி வைத்த பெட்டி ஒன்றையும் தீர்மானித்துக்கொள்ளலாம். மாதர் சங்கங்கள் தங்கள் கிராமத்தில் நீரிழிவு உள்ளவர்களையும் தடுப்பூசி அட்டை இழந்தவர்களையும் பதிந்து, குடும்பநல உத்தியோகத்தரிடம் கொடுக்கலாம். பாதக் கிளினிக் கேட்டும், கடற்படைத் தளத்து அறைக்கான வழிமுறையை அறிவிக்கும்படி கேட்டும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு ஒரே கடிதமாக எழுதலாம். கோவில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றும் சேர்ந்து ஒப்பமிட்டால் அதற்கு வலிமை கூடும். வயற்சேறு தமிழன் கால், முஸ்லிம் கால், சிங்களவன் கால் என்று பார்ப்பதில்லை.

ஒட்சிசன் அறைக்கு வா என்று யாராவது பணம் கேட்டு அழைத்தால், கையெழுத்து வைக்குமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். என்ன கிருமி என்று பரிசோதனை செய்தாயிற்றா? காலின் குருதியோட்டம் பார்த்தாயிற்றா? இறந்த தசை அகற்றப்பட்டதா? அரசாங்க வைத்தியசாலை நிபுணர் இதைத் தேவை என்று எழுதித் தருவாரா? நான்குக்கும் ஆம் என்ற பதில் கிடைத்தால் போகும் வழியைச் சேர்ந்து தேடுவோம். ஒன்றுக்கேனும் பதில் இல்லையென்றால் காணி உறுதியைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, அடுத்த நாட்காலையில் நோயாளியைத் திருகோணமலை பொது வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.